எந்தப் பாடத்துக்கு எந்த நாடக உத்தி? தொடக்க வகுப்பு ஆசிரியருக்கு ஓர் ஒப்பீடு

பாடவேளை 40 நிமிடம். வகுப்பில் 35 குழந்தைகள். பெஞ்சை இழுத்தால் பக்கத்து வகுப்பிலிருந்து ஆள் வந்து எட்டிப் பார்க்கும். இந்த நிலையில் "பாடத்தை நாடகமாக நடத்துங்கள்" என்ற அறிவுரை எளிதாகக் கிடைக்கும். எந்த நாடகம் என்று யாரும் சொல்வதில்லை. சிலைக் காட்சி, ஜோடி நடிப்பு, கேள்வி நாற்காலி, ஆசிரியரே பாத்திரமாவது, வாசிப்பு நாடகம், பாவை, மேடை நாடகம் எல்லாவற்றையும் ஒரே பெயரில் மூட்டை கட்டிவிடுகிறோம். இவை ஒவ்வொன்றுக்கும் வேண்டிய நேரம் வேறு, இடம் வேறு, குழந்தைக்குக் கிடைப்பதும் வேறு.

எடைபோட ஒரு கேள்வியை வைத்துக்கொள்ளலாம்: நடிக்காத குழந்தை அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருக்கிறது? நான்கு பேர் முன்னால் நின்று பேச, மீதி 31 பேர் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தால், அந்த நான்கு பேருக்குத்தான் பாடம் நடக்கிறது. ஒரு உத்தியைத் தேர்ந்தெடுக்கும்போது அது எவ்வளவு அழகாக இருக்கும் என்பதைவிட, எத்தனை தலைகள் ஒரே நேரத்தில் வேலை செய்யும் என்பதைக் கணக்கிடுவது நல்லது.

ஒப்பிட வசதியாக எல்லோருக்கும் தெரிந்த 'புலி வருது' கதையையே பெரும்பாலும் எடுத்துக்கொள்வோம். ஆடு மேய்க்கும் சிறுவன் இரண்டு முறை பொய்க்கூச்சல் போட்டு ஊரை ஓடவைக்கிறான். மூன்றாம் முறை புலி நிஜமாகவே வருகிறது, ஊர் வரவில்லை.

சிலைக் காட்சி: தொடங்குவதற்கு இதுதான்

குழு ஒரு காட்சியை உடலால் அமைத்து, அசையாமல் நிற்கிறது. வசனம் இல்லை, சத்தம் இல்லை, பொருள் எதுவும் வேண்டாம். இதுவரை வகுப்பில் நாடகமே செய்திராத ஆசிரியர் வேறெதையும் யோசிக்காமல் இதில் தொடங்கலாம்.

35 பேரை ஐந்து ஐந்தாக ஏழு குழுக்களாகப் பிரியுங்கள். எல்லாக் குழுக்களுக்கும் ஒரே காட்சியைத் தராதீர்கள். கதையை ஏழு தருணங்களாகப் பிரித்து ஒவ்வொன்றைக் கொடுங்கள். தயாரிக்க 3 நிமிடம் போதும். 5 நிமிடம் கொடுத்தால் மூன்றாவது நிமிடத்திலிருந்து சண்டை தொடங்கிவிடும். ஐந்திலிருந்து தலைகீழாக எண்ணி, ஒன்று என்றதும் உறைநிலை. 10 நொடி நின்றால் போதும். மற்ற குழுக்கள் "இது கதையில் எந்த இடம், யார் யார், எதை வைத்துச் சொல்கிறாய்?" என்று கண்டுபிடிக்க வேண்டும். இந்த மூன்றாவது கேள்வியில்தான் பாடம் இருக்கிறது. "கை காதுக்குப் பின்னால் இருக்கிறது, அதனால் கூச்சலைக் கேட்கிறவர்" என்று சொல்லும் குழந்தை சான்று காட்டிப் பேசக் கற்றுக்கொள்கிறது; பார்க்கிறவர்களுக்கும் வேலை கிடைத்துவிடுகிறது.

தவறுவது இரண்டு இடங்களில். முதலாவது, ஐந்து பேரும் ஒரே வரிசையில் ஆசிரியரைப் பார்த்து நிற்பார்கள், குழுப்படம் எடுக்க நிற்பதைப் போல. "ஒருவராவது தரையில், ஒருவராவது குனிந்து, ஒருவராவது நிமிர்ந்து" என்ற ஒரே நிபந்தனை இதைச் சரிசெய்யும். இரண்டாவது சிரிப்பு. ஒருவர் கண்ணை ஒருவர் பார்ப்பதால்தான் பெரும்பாலும் சிரிப்பு கிளம்புகிறது. உறையும்போது சுவரிலோ தரையிலோ ஒரு புள்ளியைப் பார்க்கச் சொல்லுங்கள். அதட்ட வேண்டியதில்லை.

இதோடு 'மனக்குரல்' சேர்த்தால் இன்னும் ஆழமாகும். ஆசிரியர் ஒரு சிலையின் தலைக்கு மேல் உள்ளங்கையை நீட்டினால், அந்தப் பாத்திரம் அந்தக் கணத்தில் என்ன நினைக்கிறது என்று ஒரே வாக்கியம் சொல்ல வேண்டும். தோளைத் தொடுவது பழைய வழக்கம். தொடுவதை விரும்பாத குழந்தைகள் உண்டு, கையை மேலே நீட்டினாலே வேலை நடக்கும். இரண்டாம் முறை ஏமாந்து திரும்பும் ஊராரிடம் கை நீட்டும்போது ஒருவர் "கோபமா வருது" என்பார், இன்னொருவர் "நல்லவேளை, புலி இல்லை" என்பார். பாடப்புத்தகத்தில் 'ஊரார்' என்று ஒரே சொல்லில் இருந்தது இப்போது ஐந்து மனிதர்களாகப் பிரிந்துவிட்டது.

நேரக் கணக்கு: விளக்கம் 4 நிமிடம், தயாரிப்பு 3, ஏழு குழுக்களும் காட்ட 12 முதல் 14, பிறகு எழுத 8. ஏறக்குறைய 30 நிமிடத்தில் முடியும். பெஞ்சுகள் நகராத வகுப்பென்றால் குழுக்கள் ஒவ்வொன்றாக முன்னால் வரலாம், அல்லது அந்தந்த வரிசையிலேயே இடுப்புக்கு மேல் மட்டும் சிலை செய்யலாம். குறை என்னவென்றால், காரணகாரியத்தை நீளமாக விளக்க இது உதவாது. ஒரு கணத்தைப் பிடித்துக் காட்டும், ஒரு வாதத்தைக் காட்டாது.

ஜோடி நடிப்பும் அதன் சத்தமும்

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசவேண்டுமென்றால் ஜோடி நடிப்பை மிஞ்ச எதுவும் இல்லை. 17 ஜோடி, மிஞ்சும் ஒருவர் ஏதாவது ஜோடியோடு சேர்ந்து கவனிப்பவர். 2 நிமிடம் பேச்சு, பிறகு பாத்திரம் மாற்றி மீண்டும் 2 நிமிடம். மொழிப்பாடத்தில், அதுவும் இரண்டாம் மொழி கற்பிக்கும்போது, ஒவ்வொரு குழந்தைக்கும் ஏறக்குறைய இரண்டு நிமிடம் வாய்திறக்க வாய்ப்பு. வரிசையாக எழுப்பிக் கேட்டால் ஒரு குழந்தைக்கு ஒரு நிமிடம்கூடக் கிடைக்காது.

ஆனால் சும்மா "நீ சிறுவன், நீ ஊர்ப் பெரியவர், பேசுங்கள்" என்றால் நடப்பது இதுதான்: "ஏன் பொய் சொன்னே?" "சும்மா." "இனிமே சொல்லாதே." "சரி." பத்து நொடியில் முடிந்துவிடும், மீதி நேரம் கலாட்டா. காரணம் குழந்தைகளின் கற்பனைக் குறைவில்லை. இருவருக்கும் ஒரே தகவல்தான் தெரியும் என்பதால் பேச ஒன்றுமில்லை. எனவே இருவருக்கும் தனித்தனித் துண்டுச்சீட்டு கொடுங்கள். சிறுவனின் சீட்டில்: "முதல் முறை புதரில் மஞ்சளாக ஏதோ அசைந்ததை நிஜமாகவே பார்த்தாய்." பெரியவரின் சீட்டில்: "தொலைந்த ஆடுகளில் மூன்று உன்னுடையவை. நேற்று கூச்சலைக் கேட்டும் நீ போகவில்லை." இப்போது பேச்சு நிற்காது. தகவலில் இடைவெளி இருந்தால்தான் உரையாடல் பிறக்கும். ஜோடி நடிப்பின் முழு நுட்பமும் இந்தத் துண்டுச்சீட்டில்தான்.

கணக்கில் கடை நடிப்பு எல்லோரும் செய்வதுதான். பெரும்பாலும் வீணாவதும் அதுதான். குழந்தைகள் கடைக்காரர்போல் நன்றாகப் பேசுவார்கள், கணக்கு மட்டும் நடக்காது. மூன்று பேராக வையுங்கள்: வாங்குபவர், விற்பவர், சரிபார்ப்பவர். வாங்குபவரிடம் சரியான சில்லறை இருக்கக்கூடாது. மீதி தர வேண்டிய கட்டாயம் எழும்படி விலை அட்டைகளையும் பணத்தாள்களையும் முன்கூட்டியே பொருத்தி வைக்க வேண்டும். சரிபார்ப்பவர் ஒவ்வொரு விற்பனையையும் தாளில் எழுதிக் கழித்துப் பார்த்து ஒப்பமிட்டால்தான் பொருள் கைமாறும். நான்கு விற்பனைக்கு ஒருமுறை பாத்திரம் மாற்றம். சரிபார்ப்பவர் இல்லாத கடை விளையாட்டு பொழுதுபோக்காக நின்றுவிடும்.

சத்தத்தைப் பற்றி: 17 பேர் ஒரே நேரத்தில் பேசினால் சத்தம் வரத்தான் வரும். நிறுத்தும் சமிக்ஞையை முதலிலேயே பழக்கிவிட்டால் அதை அடக்க வேண்டிய தேவை எழாது. ஒரு கைத்தட்டல் தாளமோ, ஆசிரியர் கை உயர்த்துவதோ ஏதாவது ஒன்று. ஆண்டு முழுவதும் அதே ஒன்று. முதல் நாடக வகுப்பில் 5 நிமிடம் இதற்கு மட்டுமே ஒதுக்கி, நடந்துகொண்டே இருக்கும்போது, பேசிக்கொண்டே இருக்கும்போது என நான்கைந்து முறை நிறுத்திப் பழக்குங்கள். இந்த 5 நிமிடத்தை மிச்சம் பிடிக்கிற ஆசிரியர் பின்னால் ஒவ்வொரு வகுப்பிலும் 10 நிமிடம் இழப்பார்.

கேள்வி நாற்காலியா, ஆசிரியரே பாத்திரமாவதா?

இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். ஒருவர் பாத்திரமாகிறார், மற்றவர்கள் அவரோடு பேசுகிறார்கள். ஆனால் வகுப்பில் விளையும் பலன் வேறு.

கேள்வி நாற்காலியில் ஒரு குழந்தை சிறுவனாக அமர்கிறது, வகுப்பு கேள்வி கேட்கிறது. கேட்பவர்கள் தாங்களாகவே இருக்கிறார்கள், கதைக்கு வெளியே. வாசிப்புப் புரிதலுக்கும் கேள்வி கேட்கும் திறனுக்கும் இது நல்லது. தயாரிப்பு இல்லாமல் நடத்தினால் "உன் பேர் என்ன? உனக்குப் பிடித்த நிறம் என்ன?" என்றே 10 நிமிடமும் ஓடும். முதலில் ஜோடியாக 3 நிமிடத்தில் இரண்டு கேள்வி எழுதச் சொல்லுங்கள். 'ஏன்', 'எப்படி', 'அப்போது' ஆகிய சொற்களில் ஒன்று கேள்வியில் இருக்கவேண்டும். நாற்காலியில் ஒரே குழந்தை உட்கார்ந்தால் அதன் மேல் பாரம் முழுவதும் விழுகிறது. மூன்று பேர் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்து மூவரும் ஒரே சிறுவனாகப் பதில் சொன்னால் பயம் குறையும். ஒருவர் திணறினால் இன்னொருவர் எடுத்துக்கொள்வார். 8 முதல் 10 நிமிடத்துக்கு மேல் இழுக்காதீர்கள். ஆறு, ஏழு வயதுக்குக் கீழே என்றால் நாற்காலியில் ஆசிரியர்தான் அமரவேண்டும்.

வரலாறு, அறிவியல் பாடங்களில் இதற்கு ஓர் ஆபத்து உண்டு. நாற்காலியில் இருக்கும் குழந்தை பதில் தெரியாதபோது எதையாவது புனையும். வகுப்பு அதை உண்மையாகவே நினைவில் வைத்துக்கொள்ளும். புத்தகத்தில் படித்ததைவிட நடிப்பில் கேட்டதுதான் நன்றாக மனதில் நிற்கும் என்பதே இங்கே பிரச்சினை. நடிப்பு முடிந்ததும் கரும்பலகையில் 'படித்தது', 'ஊகித்தது', 'தேடிப் பார்க்க வேண்டியது' என மூன்று பத்தி போட்டு, சொல்லப்பட்ட பதில்களைப் பிரித்து எழுதுங்கள். இதைச் செய்ய நேரமில்லையென்றால் வரலாற்றுப் பாடத்தில் கேள்வி நாற்காலியையே தவிர்ப்பது மேல்.

ஆசிரியரே பாத்திரமாகும்போது நிலைமை தலைகீழ். ஆசிரியர் ஒரு பாத்திரத்தை ஏற்று உள்ளே நுழைந்தால், எதிரில் இருக்கும் 35 பேரும் தாமாகவே பாத்திரமாகிவிடுகிறார்கள். தோளில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு வகுப்பின் முன் வந்து நின்று, "நான் மலைக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரன். நாங்களும் ஒரு பையனை ஆடு மேய்க்க வைக்கப் போகிறோம். உங்கள் ஊரில் நடந்தது எங்கள் ஊரிலும் நடந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம், சொல்லுங்கள்" என்று கேட்டால் போதும். குழந்தைகள் இப்போது ஊரார். அனுபவப்பட்டவர்கள். பதில் சொல்லவேண்டிய இடத்தில் இருப்பவர்கள். "ஒரு பையனைத் தனியா அனுப்பாதீங்க, ரெண்டு பேரா அனுப்புங்க" என்று ஒருவர் சொல்வார். "பொய் சொன்னாலும் போய்ப் பார்க்கணும்" என்று இன்னொருவர் சொல்ல, அங்கே ஒரு உண்மையான விவாதம் தொடங்கும். கதையின் நீதியைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு இந்த விவாதத்தைப் பெற முடியாது.

இந்த உத்தியைப் பரவலாக்கியவர்களில் முதன்மையானவர் டோரதி ஹீத்கோட் (1926–2011) என்ற இங்கிலாந்து நாடகக் கல்வியாளர். நடிப்புத் திறமை வேண்டும் என்று நினைத்துப் பலர் இதிலிருந்து விலகி நிற்கிறார்கள். வேண்டியது நடிப்பில்லை, தோரணை. குரலை மாற்றவோ கூன் போடவோ தேவையில்லை. செய்தால் குழந்தைகள் சிரித்துக்கொண்டே பார்வையாளர்களாகிவிடுவார்கள், நடிப்பு ஆசிரியரின் வித்தையாகச் சுருங்கும். முக்கியமான முடிவு, எந்த உயரத்துப் பாத்திரத்தை எடுப்பது என்பது. அரசன், அதிகாரி போன்ற உயர்ந்த பாத்திரம் எடுத்தால் வகுப்பு அடங்கும், ஆனால் சிந்தனையும் சேர்ந்து அடங்கும். உதவி தேடி வருபவர், வழிதவறியவர், தூதுவர் போன்ற பாத்திரங்களில் அதிகாரம் குழந்தைகளின் கைக்குப் போகிறது. ஆசிரியருக்குத் தெரியாத ஒன்றைத் தங்களுக்குத் தெரியும் என்ற நிலை தொடக்கப்பள்ளிக் குழந்தைக்கு அபூர்வமாகவே கிடைக்கும். புதிதாக முயல்பவருக்குத் தூதுவர் பாத்திரம் பொருத்தம்: "எனக்கு முடிவெடுக்க அதிகாரமில்லை, கேட்டுப்போய்ச் சொல்கிறேன்" என்று எப்போது வேண்டுமானாலும் வெளியேறலாம்.

செய்முறை: துண்டோ தொப்பியோ ஒரே ஒரு அடையாளம். "இது தோளில் இருக்கும்வரை நான் வேறு ஆள், எடுத்துவிட்டால் உங்கள் ஆசிரியர்" என்று முன்பே சொல்லிவிடுங்கள். உள்ளே 3 அல்லது 4 நிமிடம், பிறகு துண்டை எடுத்துவிட்டு, "அவர் என்ன கேட்டார்? அவரை நம்பலாமா?" என்று மூன்றாம் மனிதரைப் பற்றிப் பேசுவதுபோல் பேசுங்கள். இப்படி உள்ளே வெளியே என இரண்டு மூன்று முறை போய்வந்தால் ஒரு பாடவேளை நிறைந்துவிடும். யாராவது ஒரு குழந்தை "நீங்க எங்க டீச்சர்தானே!" என்று கத்தும். "உங்கள் ஆசிரியர் என் ஜாடையில் இருப்பாரோ?" என்று பாத்திரத்திலேயே பதில் சொல்லிவிட்டு நகருங்கள். இரண்டு மூன்று முறைக்குமேல் தொடர்ந்தால் துண்டை எடுத்துவிட்டு, இந்த விளையாட்டுக்கு வகுப்பு சம்மதிக்கிறதா என்று நேராகக் கேட்பது நல்லது.

செய்யக்கூடாதது ஒன்று: பாத்திரத்துக்குள் இருந்துகொண்டு திட்டுவது. துண்டோடு ஒருமுறை அதட்டினால் அந்தத் துண்டின் மந்திரம் போயிற்று. ஐந்து வயதுக் குழந்தைகளிடம் புலியாகவோ, கோபக்காரராகவோ திடீரென நுழையாதீர்கள். அந்த வயதில் நடிப்புக்கும் நிஜத்துக்கும் நடுவே உள்ள கோடு மெல்லியது, சிலர் அழுதுவிடுவார்கள்.

தேர்வு எப்படி? உரையை ஆழமாகப் படிக்கவைக்க வேண்டுமென்றால் கேள்வி நாற்காலி. ஒரு சிக்கலுக்குத் தீர்வு தேடவைக்க, கடிதமோ விதிகளோ எழுதவைக்க ஆசிரியர் பாத்திரமாவது. கற்பிக்கும் பலத்தில் இரண்டாவதுதான் மேல் என்பது எங்கள் கணிப்பு. ஆனால் அதற்கு ஆசிரியருக்குத் துணிச்சல் வேண்டும், வகுப்புக்கு நிறுத்தும் சமிக்ஞை பழகியிருக்க வேண்டும்.

மனசாட்சிச் சந்து

ஒரு பாத்திரம் முடிவெடுக்க வேண்டிய கணத்துக்கு மட்டும் இது. மூன்றாம் முறை கூச்சல் கேட்டுக் கதவருகே நிற்கிற ஊர்க்காரர் போகலாமா, வேண்டாமா? வகுப்பு ஒரு மீட்டர் இடைவெளியில் இரண்டு வரிசையாக எதிரெதிரே நிற்கும். ஒருபக்கம் 'போ', மறுபக்கம் 'போகாதே'. ஒருவர் நடுவே மெதுவாக நடக்க, கடக்கும்போது ஒவ்வொருவரும் ஒரு வாக்கியம் சொல்வார்கள். ஆளுக்கு 3 நொடி என்றால் 34 பேருக்கும் சேர்த்து 2 நிமிடம்கூட ஆகாது. முன்பே வாக்கியத்தை எழுதிவைக்காவிட்டால் ஐந்தாவது ஆளுக்குப் பிறகு எல்லோரும் ஒரே வாக்கியத்தைச் சொல்வார்கள். பெஞ்சு வரிசைகளுக்கு நடுவேயுள்ள நடைபாதையே போதும். நேரம் குறைவு, பலன் அதிகம். வாதக் கட்டுரை எழுதுமுன் செய்தால் காரணங்கள் காதிலேயே இருக்கும்.

உடலால் அறிவியல்

அறிவியலில் குழந்தைகளையே துகள்களாகவும் கோள்களாகவும் ஆக்குவது நன்றாக வேலை செய்யும், கவனமாகச் செய்தால். திடம், திரவம், வாயு நடிப்பில் பலரும் செய்யும் தவறு, திரவத்துக்குக் குழந்தைகளைக் கை நீளத்துக்கு விலகி நிற்கவைப்பது. பெரும்பாலான திரவங்களில் துகள்களுக்கு இடையே உள்ள தூரம் திடத்தில் இருப்பதற்கு ஏறக்குறைய நெருக்கமானதுதான். எனவே திடம்: வரிசையில் தோளோடு தோள், நின்ற இடத்திலேயே ஆட்டம். திரவம்: அதே நெருக்கம், ஆனால் ஒருவரையொருவர் உரசி நழுவி இடம் மாறலாம். வாயு: நேர்கோட்டில் விலகிச் சென்று சுவர்வரை பரவுதல். இடம் சிறிதென்றால் வாயுவுக்கு எட்டுப் பேர் போதும், மற்றவர்கள் கொள்கலத்தின் சுவராகக் கைகோத்து நிற்கலாம்.

நிலாவுக்கும் இதே வழி. ஒருவர் பூமி, ஒருவர் நிலா. நிலா எப்போதும் பூமியைப் பார்த்தபடியே பக்கவாட்டில் நடந்து ஒரு சுற்று வரட்டும். "நிலா தன்னைத்தானே சுற்றியதா?" என்று கேட்டால் இல்லை என்பார்கள். மீண்டும் சுற்றும்போது நிலாவாக இருப்பவர் எந்தச் சுவரைப் பார்க்கிறார் என்று உரக்கச் சொல்லட்டும். நான்கு சுவரையும் பார்த்துவிட்டார் என்று தெரியும்போது, ஒரு சுற்றுக்குள் ஒருமுறை தன்னைத்தானே சுற்றியிருக்கிறார் என்பதும் புரிந்துவிடும்.

இத்தகைய நடிப்பு எதுவானாலும் கடைசி 3 நிமிடம் ஒரு கேள்விக்கு: "நம் நடிப்பில் எது உண்மையைப் போல இல்லை?" துகள்களுக்குக் கண் இல்லை, முடிவெடுக்காது, சூடானால் துகள் பெரிதாவதில்லை. இதைக் கேட்காவிட்டால் துகள்களுக்கு உயிர் உண்டு என்ற எண்ணம் குழந்தையிடம் தங்கிவிடும்.

வாசிப்பு நாடகம், பாவை

வாசிப்பில் தடுமாறும் வகுப்பென்றால் மற்ற எல்லாவற்றையும் தள்ளிவைத்துவிட்டு வாசிப்பு நாடகத்தை எடுக்கலாம். பிரதி கையிலேயே இருக்கும், மனப்பாடம் கிடையாது, உடை கிடையாது, குரல்தான் நடிப்பு. ஒரே பகுதியை நோக்கத்தோடு திரும்பத் திரும்ப வாசிப்பதால் சரளம் வருகிறது. "மறுபடி படி" என்றால் முகம் சுளிக்கும் குழந்தை, ஒத்திகை என்றால் ஐந்து முறை படிக்கும்.

வாரத்துக்கு ஒரு பிரதி, தினம் 10 முதல் 15 நிமிடம். முதல் நாள் ஆசிரியர் உரக்க வாசிப்பார். இரண்டாம் நாள் எல்லோரும் சேர்ந்து, பிறகு ஜோடியாக. மூன்றாம் நாள் பாத்திரம் பிரிப்பு. நான்காம் நாள் குழுவாக ஒத்திகை. ஐந்தாம் நாள் இன்னொரு வகுப்புக்கு முன்னால் வாசிப்பு. பிரதி இரண்டு பக்கத்தைத் தாண்டக்கூடாது. எழுத்து பெரிதாக, ஒவ்வொருவர் வரியும் வண்ணக்கோடு இட்டு இருக்கட்டும். கதைசொல்லியின் பகுதியை ஒருவருக்கே தராமல் மூவருக்குப் பிரியுங்கள், இல்லாவிட்டால் பாத்திரங்கள் தூங்கிவிடும். வாசிக்கத் திணறும் குழந்தைக்கு ஒரே ஒரு வரியை ஒதுக்கி ஓரங்கட்டுவது வழக்கமான தவறு. அதற்குப் பதிலாகத் திரும்பத் திரும்ப வரும் வரியைக் கொடுங்கள். "புலி வருது! புலி வருது!" என்பது கதையில் பலமுறை வருகிறது, ஒவ்வொரு முறையும் வேறு தொனியில் சொல்லவேண்டியது. எளிய வரி, முக்கியமான பாத்திரம்.

பேசவே தயங்கும் குழந்தைக்குப் பாவை. முகத்தை எல்லோரும் பார்க்கிறார்கள் என்ற பாரம் பாவையின் மேல் இறங்கிவிடுவதால் வாய் திறக்கிறது. கெட்டி அட்டையில் வரைந்து குச்சியில் ஒட்டினால் 15 நிமிடத்தில் தயார். காகிதக்கூழ், தையல் என்று போனால் செய்முறையே இரண்டு பாடவேளையைத் தின்றுவிடும், பாடம் எங்கேயோ நிற்கும். பாவை கைக்கு வந்த இரண்டாவது நிமிடத்தில் எல்லாப் பாவைகளும் ஒன்றையொன்று அடிக்கத் தொடங்கும், இது நிச்சயம். இருவருக்கு ஒரு பாவை, உயர்த்தினால் மட்டுமே பேசும், மற்ற பாவைகள் மேசையில் படுத்திருக்கும் என்ற விதிகளை அட்டை வெட்டுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

கவனம் தேவைப்படும் இரண்டு

விவாத அரங்கு பிரேசில் நாட்டு நாடகக்காரர் அகஸ்டோ போவால் (1931–2009) உருவாக்கியது. அநீதி நடக்கும் ஒரு சிறு காட்சி ஒருமுறை முழுதாக நடிக்கப்படும். இரண்டாம் முறை பார்வையாளர் "நிறுத்து" என்று சொல்லி, பாதிக்கப்பட்டவரின் இடத்தில் நின்று வேறுவிதமாக நடந்து பார்ப்பார். கேலி, ஒதுக்கிவைத்தல் போன்றவற்றைப் பேச இது வலுவான கருவி. ஒன்பது வயதுக்கு மேல் போதும். காட்சி 2 நிமிடத்துக்குள். கேலி செய்பவரை மாற்றக்கூடாது. அவர் திடீரென்று நல்லவராகிவிட்டால் கற்க எதுவும் இல்லை. அடிப்பதும், எங்கிருந்தோ காவலர் வந்து காப்பாற்றுவதும் தீர்வாக ஏற்கப்படாது. அந்த வகுப்பில் நிஜமாகவே நடந்த சம்பவத்தை எடுக்கவே கூடாது; பாதிக்கப்பட்ட குழந்தை அதை இரண்டாம் முறை எல்லோர் முன்னாலும் அனுபவிக்க நேரும். விலங்குகளின் கதையாகவோ, வேறொரு பள்ளியாகவோ மாற்றித் தூரம் உண்டாக்குங்கள்.

நிபுணர் போர்வை, ஹீத்கோட் வளர்த்தெடுத்த இன்னொரு முறை. வகுப்பு முழுதும் ஒரு நிறுவனம். அதற்கு ஒரு வாடிக்கையாளர், ஒரு பொறுப்பு. நம் கதையையே நீட்டினால், மலை ஊர்களுக்கு எச்சரிக்கை அமைப்பு வடிவமைத்துத் தருபவர்கள் என்று வகுப்பை ஆக்கலாம். சத்தம் எவ்வளவு தூரம் கேட்கும் என்று மைதானத்தில் அளப்பது அறிவியல், வரைபடத்தில் அளவுகோல் போடுவது கணக்கு, ஊர்களுக்குக் கடிதமும் கையேடும் எழுதுவது மொழி. ஒரு பாடவேளையில் இது நடக்காது. ஆறு முதல் பத்துப் பாடவேளை வேண்டும். நாடகம் களைகட்டும்போது பாடத்திட்டம் கைநழுவும் என்பதால், எந்த நாளில் எந்தக் கற்றல் விளைவு வருகிறது என்று தொடங்கும் முன்பே தாளில் எழுதி வைக்க வேண்டும். தனி ஆசிரியராக எல்லாப் பாடமும் எடுப்பவருக்கு இது பொன்னான முறை. பாடத்துக்கொரு ஆசிரியர் என்ற பள்ளியில் நேரம் ஒட்டாது, விட்டுவிடலாம்.

எந்த உத்தியானாலும் பாத்திரம் கொடுப்பதில் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஏற்கெனவே கேலிக்கு ஆளாகும் குழந்தைக்குத் திருடன், முட்டாள், கழுதை போன்ற வேடம் தராதீர்கள். இடைவேளையில் அந்தப் பெயரே நிலைத்துவிடும். கெட்ட பாத்திரங்களைச் சுற்றி வரச்செய்யுங்கள். முடிவில் வேடம் கலைத்தல் கட்டாயம்: கைகளை உதறி, தன் பெயரைச் சொல்லி, "நான் இப்போது புலி இல்லை" என்று ஒரு வாக்கியம். அரை நிமிடம்தான், ஆனால் அதைத் தவிர்த்த நாளில் நாடகச் சண்டை விளையாட்டு மைதானம்வரை போகும்.

மதிப்பீட்டுக்கு நடிப்பை மதிப்பெண் இடாதீர்கள். ஒரு பாடவேளைக்கு ஐந்து குழந்தைகளை மட்டும் குறிவைத்து, அவர்கள் சொன்ன ஒரு வாக்கியத்தை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். ஏழு பாடவேளையில் வகுப்பு முழுவதும் வந்துவிடும். நடிப்பு முடிந்த உடனே, சூடு ஆறுவதற்குள், 8 நிமிடம் பாத்திரமாகவே எழுதச் சொன்னால் யாருக்கு என்ன புரிந்தது என்பது தாளிலேயே தெரியும்.

மேடை நாடகம்

விழாவுக்காகச் செய்யும் நாடகத்தைப் பாடம் கற்பிக்கும் உத்தியாக எண்ணினால் இந்த வரிசையில் அது கடைசி. 20 நிமிட நாடகத்துக்கு நான்கு முதல் ஆறு வாரம் ஒத்திகை. ஆறேழு பேருக்கு வசனம், மற்றவர்கள் மரம், மலை, கூட்டம். நாம் தொடக்கத்தில் வைத்த கேள்விக்கு இங்கே பதில் மோசம்: நடிக்காத குழந்தை காத்திருக்கிறது. வசனம் மனப்பாடம் ஆவதால் மொழி வளரும் என்பார்கள். பிறர் எழுதிய பத்து வரியை ஒப்பிப்பதில் அவ்வளவு வளராது. கூட்டத்தின் முன் நிற்கும் துணிச்சல், ஒரு பொது வேலையை முடித்த பெருமிதம் இரண்டும் கிடைக்கும், அவை சிறியவை இல்லை. அந்த இரண்டும் வேண்டுமென்றே செய்யுங்கள், பாடத்தின் பெயரால் செய்யாதீர்கள்.

செய்தே ஆகவேண்டிய கட்டாயம் இருந்தால், எழுதிய பிரதியை வாங்காமல் வகுப்பில் ஏற்கெனவே செய்தவற்றிலிருந்து கட்டலாம். ஏழு குழுக்களின் ஏழு சிலைக் காட்சிகள், ஒவ்வொன்றுக்கும் நடுவே வாசிப்பு நாடகத்தின் மூன்று கதைசொல்லிகள், சிலை உயிர்பெற்று 30 நொடி நடித்து மீண்டும் உறைவது, இடையில் ஒரு மனசாட்சிச் சந்து. 35 பேருக்கும் வேலை உண்டு. வசனம் குழந்தைகள் மனக்குரலில் சொன்னதே என்பதால் மறக்க வாய்ப்பு குறைவு, மறந்தாலும் தன் சொல்லில் சமாளித்துக்கொள்வார்கள். மொத்தம் 12 நிமிட நாடகம். ஒத்திகைக்கு எட்டுப் பாடவேளை போதும், அதில் கடைசி இரண்டை மேடையிலேயே வையுங்கள். வகுப்பறையில் கேட்ட குரல் திறந்த மேடையில் கேட்காது. கடைசி வரிசையில் ஒரு குழந்தையை நிறுத்தி, கேட்காத இடத்தில் கை உயர்த்தச் சொல்வதுதான் இரண்டு ஒத்திகையிலும் முதல் வேலை.